வன்னியிலிருந்து அரியலூருக்கு: கவச டைனோசரின் மண்ணைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முல்லைத்தீவுப் பக்கத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒருநாள் ஒன்பதாம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "சேர், எங்கட வன்னியில டைனோசர் எலும்பு இருக்குமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப கிட்ட எங்க இருக்கு?" என்றாள். அதற்குச் சரியான பதில் அரியலூர். கடலுக்கு அந்தப் பக்கம், திருச்சிக்கு வடகிழக்கே இருக்கிறது. வன்னியிலிருந்து பார்த்தால் கொழும்பைவிட அதிகம் தூரமில்லை.

இரண்டு தடவை போய்வந்தேன். முதல் தடவை மழையில் மாட்டிக்கொண்டேன், தங்க இடம் கிடைக்காமல் இரவில் அலைந்தேன், பார்க்க நினைத்ததில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை சக ஆசிரியர் ஒருவரோடு முறையாகத் திட்டம் போட்டுப் போனேன். அந்த முதல் தடவை எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். வன்னியிலிருந்து முதன்முதலாகப் போகிற ஒருவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்பதில் தெளிவாக இருங்கள்

வவுனியாவில் கிணறு வெட்டினால் வருவது கடும் பாறை. முல்லைத்தீவின் உட்பகுதியிலும் பெரும்பாலும் அதுதான். நிலத்துக்கு மிக ஆழத்தில் வெந்து உருமாறிய பழம்பாறை அது. புவிச்சரிதவியலாளர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே வன்னித் தொகுதி. டைனோசர்கள் தோன்றுவதற்கு மிக முந்தியது என்பதால் அதற்குள் எலும்பு இருக்க வழியில்லை. மன்னார், பூநகரிப் பக்கம் போனால் சுண்ணக்கல் வருகிறது. அது மயோசின் காலத்துக் கடலில் படிந்தது, டைனோசர்கள் அழிந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்த பிறகு. ஆக, எங்கள் காலடியில் இருப்பது ஒன்றில் மிகப் பழையது, இல்லாவிட்டால் மிகப் புதியது. இடைப்பட்ட பக்கங்கள் கிழிந்துபோன புத்தகம் மாதிரி.

கிழிந்த அந்தப் பக்கங்கள் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் வெளியே தெரிகின்றன. கோண்டுவானா என்ற பெருநிலம் பிளந்தபோது உண்டான பள்ளம் காவிரிப் படுகை. டைனோசர்களின் கடைசிக் காலமான கிரீத்தேசியக் காலம் முழுக்க அதற்குள் கடல் ஏறியும் இறங்கியும் மண் படிந்தது. இதே படுகைதான் பாக்கு நீரிணைக்கு அடியால் எங்கள் பக்கமும் வருகிறது. 1970களில் மன்னார்த் தீவின் பேசாலையில் எண்ணெய் தேடித் துளை போட்டதும் அதை நம்பித்தான். நம் பக்கத்தில் கடலுக்கும் சுண்ணக்கல்லுக்கும் அடியில் ஆழத்தில் கிடக்கிற காலம், அவர்கள் பக்கத்தில் வெய்யில் காய்கிறது.

இனி, கவச டைனோசர். 1979இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் திருச்சிப் பகுதிப் படிவில் கிடைத்த எலும்புகளுக்குத் திராவிடோசோரஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒரு மண்டையோட்டுத் துண்டு, ஒரு பல், இடுப்பு எலும்புகள், முதுகுத் தகடுகள் என்று அவர்கள் அடையாளம் கண்டவை. முதுகில் தகடு வரிசை கொண்ட ஸ்டெகோசர் இனம், சுமார் 8.8 கோடி ஆண்டுப் பழசு என்றார்கள். ஸ்டெகோசர்கள் மற்ற இடங்களில் அதற்கு வெகு காலத்துக்கு முன்பே அருகிவிட்டதால் இது பெரிய செய்தி. ஆனால் 1996இல் சங்கர் சட்டர்ஜியும் ருத்ராவும் அது டைனோசரே அல்ல, நீண்ட கழுத்துள்ள பிளீசியோசர் என்ற கடல் ஊர்வனவின் எலும்பு என்று மறுத்தார்கள். அந்தப் படிவு கடலில் படிந்தது என்பதால் அந்த வாதத்தையும் தள்ளிவிட முடியாது. பிறகு அதற்கும் மறுப்பு வந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் "கவச டைனோசரின் எலும்புக்கூட்டைக் காட்டுவேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அங்கே நிமிர்த்தி வைத்த எலும்புக்கூடு இல்லை. இருப்பது மண், அடுக்கு அடுக்கான மண். அந்த விலங்கு நடந்த கரையோ, இறந்தபின் மிதந்து வந்த கடலோ எதுவானாலும், அது படிந்த தரையில் நீங்கள் நிற்கலாம். அது போதும் என்று நினைக்கிறவர்கள் மேலே வாசியுங்கள்.

2. கடவுச்சீட்டு

வன்னி ஆட்களுக்குக் கொழும்புக்கு ஓட வேண்டிய தேவை இல்லை. குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது. போவதற்கு முன் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நாளும் நேரமும் பதிவு செய்ய வேண்டுமா என்று பாருங்கள். விடியப்புறம் போய் வரிசையில் நின்று, பதிவு இல்லை என்று திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

கொண்டுபோக வேண்டியவை: கே 35 ஏ விண்ணப்பப் படிவம், தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், இவை இரண்டின் போட்டோ கொப்பி, அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவில் படம் எடுத்ததற்கான பற்றுச்சீட்டு. சாதாரண ஸ்டூடியோவில் எடுத்த படம் செல்லாது. திணைக்களத்துக்கு நேரே படம் அனுப்பும் வசதியுள்ள ஸ்டூடியோவாக இருக்க வேண்டும். நான் விண்ணப்பித்தபோது சாதாரண சேவைக்கு 10,000 ரூபாய், ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபாய்.

எங்கள் ஆட்கள் அதிகம் அடிபடுவது பிறப்புச் சான்றிதழில்தான். இடம்பெயர்ந்த காலத்தில் மூலப்பிரதி தொலைந்தவர்கள், பிறந்து சில வருடம் கழித்துக் காலம் கடந்து பதிந்தவர்கள், அடையாள அட்டையில் ஒரு எழுத்தும் சான்றிதழில் இன்னொரு எழுத்துமாக இருப்பவர்கள் நிறையப் பேர். என் தகப்பன் பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. அதைத் திருத்த எனக்கு ஏழு கிழமை போனது. ஆகவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். பிரதி தேவையென்றால் பிறப்புப் பதியப்பட்ட பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் இல்லாத, அல்லது காணாமல் போன குடும்பங்கள் எங்கள் பக்கம் பல உண்டு. அதற்குரிய சான்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே இதைத் தொடங்குவது நல்லது.

3. விசா

சுற்றுலாவுக்கு இந்தியாவின் மின் விசா போதும், வீட்டிலிருந்தே போடலாம். முப்பது நாள் விசாவுக்கு, போகும் திகதிக்கு 30 நாளுக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. குறைந்தது 4 நாளாவது இடைவெளி விட வேண்டும். நான் பன்னிரண்டு நாள் விட்டேன், அது மனதுக்கு நிம்மதியாக இருந்தது. கடவுச்சீட்டுக்கு இன்னும் ஆறு மாதம் செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும்.

மூன்று இடத்தில் கவனம். ஒன்று, இணையத்தில் தேடினால் உத்தியோகபூர்வத் தளத்தைப் போலவே பல தளங்கள் முன்னுக்கு வந்து நிற்கும். அவை தரகர்களின் தளங்கள், பல மடங்கு காசு எடுப்பார்கள். முகவரி இந்திய அரசின் முகவரியாக முடிகிறதா என்று பார்த்தபிறகுதான் ஒரு எழுத்தாவது தட்டுங்கள். இரண்டு, குடும்பப் பெயர், கொடுக்கப்பட்ட பெயர் என்று இரண்டு கட்டம் வரும். நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் எழுதிப் பழகியவர்கள், அங்கே மாற்றி நிரப்பிவிடுவது சுலபம். கடவுச்சீட்டில் எந்த வரியில் எது இருக்கிறதோ அதே வரிசையில் நிரப்புங்கள். மூன்று, மின் விசாவோடு நுழையக்கூடிய விமான நிலையங்கள், துறைமுகங்களின் பட்டியல் அதே தளத்தில் இருக்கிறது. நீங்கள் இறங்கப்போகும் இடம் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே காசு கட்டுங்கள். முக்கியமாகக் கப்பலில் போக நினைப்பவர்கள்.

விண்ணப்பத்தில் இந்தியாவில் ஒரு தொடர்பு முகவரி கேட்பார்கள். தங்கப்போகும் விடுதியின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுக்கலாம். கிடைத்த அனுமதியை இரண்டு பிரதி அச்செடுத்து வையுங்கள். தொலைபேசியில் இருக்கிறதுதானே என்று விடாதீர்கள், பலாலி விமான நிலையத்தில் என் தொலைபேசி அணைந்துபோன அனுபவம் எனக்கு உண்டு.

4. எந்த மாதம்

தை கடைசியும் மாசியும். வேறு மாதம் யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

அங்கேயும் மாரி மழை எங்களைப் போலவே ஐப்பசி, கார்த்திகையில்தான். நான் முதலில் போனது கார்த்திகை. பெரம்பலூர்ப் பக்கத்துக் காரை என்ற ஊரின் களிமண்ணில் கால் வைத்தால் முருங்கன் வயல் மண்ணைப் போலவே செருப்போடு பிடித்துக்கொண்டது. பத்து எட்டுக்கு ஒரு தடவை தடியால் சுரண்ட வேண்டியிருந்தது. சித்திரையில் போனால் நிழலே இல்லாத நிலத்தில் வெய்யில் ஆளைச் சுருட்டிவிடும். மழை கழுவிவிட்டுப் போன பிறகு, நிலம் காய்ந்து, வெய்யில் ஏறாத அந்த ஆறு ஏழு கிழமைதான் நல்ல காலம். புதிதாகக் கழுவுப்பட்டு வெளியே வந்தவையும் அப்போதுதான் கண்ணில் படும். வயல் உள்ளவர்களுக்கும் காலபோக அறுவடைக்கு முன் கிடைக்கும் சிறு இடைவெளி அது.

தைப்பொங்கலை ஒட்டிய ஒரு கிழமையை மட்டும் விலக்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் அந்த நாட்களில் அலுவலகங்கள் பூட்டு, பஸ்ஸிலும் ரயிலிலும் கால் வைக்க இடமிருக்காது.

5. கடலைக் கடப்பது

பலாலியிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் சிறிய விமானங்கள் போகின்றன. திருச்சியைத் தெரிவு செய்யுங்கள், ஒரு மணி நேரப் பயணந்தான். சென்னையில் இறங்கினால் அரியலூருக்கு மறுபடி அரைநாள் ரயில். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் இருக்கிறது, ஏறத்தாழ நான்கு மணி நேரம். மாரி காலத்தில் அது நின்றுவிடும், மற்றக் காலத்திலும் கடல் பார்த்துத்தான் ஓடும். திரும்பும் நாளில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் அதை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம்.

வவுனியா, கிளிநொச்சியிலிருந்து போகிறவர்கள் முதல்நாள் இரவே யாழ்ப்பாணம் போய்விடுங்கள். ஏ9 வீதியில் காலை பஸ்ஸை நம்பி விமானத்தை விட்டவர்கள் உண்டு.

காசு மாற்றுவதைப் பற்றியும் ஒரு சொல். இலங்கை ரூபாயைக் கொண்டுபோய் அங்கே மாற்றுவது கஷ்டம், மாற்றினாலும் நட்டம். இங்கேயே வங்கியில் கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டுக் காட்டி டொலர் வாங்கிக்கொண்டு போய் அங்கே மாற்றுங்கள்.

6. தங்குமிடம்: சி படிவத்தை மறக்காதீர்கள்

என் முதல் பயணத்தைக் கெடுத்தது இதுதான், ஆகவே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

இந்தியாவில் வெளிநாட்டுக்காரர் ஒருவரைத் தங்க வைத்தால், விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் சி படிவம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் ஒன்றை இணையத்தில் நிரப்பி அரசுக்கு அனுப்ப வேண்டும். வெளிநாட்டவர் அதிகம் வராத சின்ன ஊர்களில் பல விடுதிகளுக்கு அந்தப் பதிவே இல்லை. நான் பேசும் தமிழைக் கேட்டு அன்பாகக் கதைத்த விடுதிக்காரர், கடவுச்சீட்டைப் பார்த்ததும் முகம் மாறி, "சார், சிலோன் பாஸ்போர்ட்டா? மன்னிச்சுக்கோங்க, எங்களுக்கு அனுமதி இல்லை" என்று சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இரவு ஒன்பதரை, மழை. இன்னும் இரண்டு இடத்தில் அதே பதில். கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திருச்சிக்கே திரும்பினேன். அவர்களில் பிழை இல்லை, சட்டம் அப்படி. ஆனால் யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த இரவு எனக்கு வந்திருக்காது.

ஆகவே திருச்சியில் தங்குங்கள். தொலைபேசியில் பேசும்போது அறை இருக்கிறதா என்பதற்கு முன்னால், "இலங்கைக் கடவுச்சீட்டு, சி படிவம் போடுவீர்களா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் மட்டும் பதியுங்கள்.

7. வாகனமும் இரண்டு நாள் வழியும்

ரயில் திருச்சியிலிருந்து அரியலூருக்கு அடிக்கடி இருக்கிறது, மலிவு. ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் கிராமத்து ஒழுங்கைகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. பஸ்ஸில் போனால் ஒரு நாளைக்கு ஒரு இடம்தான். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு காரை நாள் வாடகைக்குப் பிடியுங்கள்.

ஓட்டுநரிடம் இடத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. சாத்தனூர் என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது திருவண்ணாமலைப் பக்கத்து சாத்தனூர் அணை. காரை என்றால் காரைக்குடியா, காரைக்காலா என்பார்கள். கல்மரப் பூங்கா என்றால் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குக் கூட்டிப்போகவும் வாய்ப்புண்டு, அங்கேயும் கல்மரம் இருக்கிறது, ஆனால் அது வேறு காலத்துப் படிவு. "பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம்" என்று முழுக்கச் சொல்லி, வரைபடத்தில் புள்ளி குத்திக் காட்டுங்கள். இன்னொன்று: நாங்கள் உயிர்ச்சுவடு என்று படித்ததை அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. புதைபடிவம் என்று கேளுங்கள், அல்லது கல்மரம், நத்தை மாதிரிக் கல் என்று கேளுங்கள்.

வழியை மேற்கிலிருந்து கிழக்காகப் போடுங்கள். அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்து கிடப்பதால், மேற்கே பழசு, கிழக்கே போகப் போகப் புதுசு. கார் ஓட ஓட நீங்கள் காலத்தில் முன்னோக்கிப் போகிறீர்கள். இந்த ஒரு விஷயம் தெரிந்துவிட்டால் மண்ணைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூர் வரை போய், ஊட்டத்தூர் வழியாகக் காரைக்குப் போங்கள். ஊருக்கு வெளியே நிலம் திடீரென்று மடிந்து மடிந்து விழுகிறது, புல்லும் பிடிக்காத சாம்பலும் மஞ்சளுமான களிமண் மடிப்புகள். 11 கோடியிலிருந்து 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை ஆழக்கடலின் அடியில் படிந்த சேறு அது. அதன் ஊடே ஜிப்சம் படிகங்கள் கண்ணாடித் துண்டு மாதிரி மினுங்கும். ஒன்பதரைக்கு முன்னால் இங்கே வேலையை முடித்துவிடுங்கள், ஒதுங்க ஒரு மரமில்லை. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், தொப்பி, குதிகால் மூடிய சப்பாத்து.

இங்கேதான் என்னோடு வந்த ஆசிரியர் சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அண்ணை, அசையாதைங்கோ." என் காலுக்கு ஒரு சாண் தள்ளி, களிமண்ணில் பாதி புதைந்து, விரல் தடிப்பில் கபில நிறமாய், ஒரு முனை கூராய் ஒன்று கிடந்தது. இருவருக்கும் ஒரே நினைவுதான் வந்தது: ரவை, போர்க்காலத்துத் துப்பாக்கிக் குண்டு. வன்னியில் வளர்ந்தவனுக்கு அப்படி ஒன்றைக் கண்டால் கால் தானாகவே நிற்கும். குனிந்து பார்த்தபோதுதான் கல் என்று தெரிந்தது. பெலம்னைற்று, கணவாய்க்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பிராணியின் உடலுக்குள் இருந்த கூர்முனை. உடைந்த மற்ற முனையில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நூல் நூலாகக் கோடுகள் ஓடின, வெட்டிய எலுமிச்சங்காயின் முகம் மாதிரி. அந்தச் சரிவில் பிறகு பத்துக்கு மேல் எண்ணினோம். கொஞ்சம் தள்ளி, நத்தை மாதிரிச் சுருண்ட ஓடுள்ள பழங்காலக் கடற்பிராணியான அமோனைற்று ஒன்றின் பதிவு, உள்ளங்கை அகலத்தில். நாங்கள் இருவரும் கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

அங்கிருந்து சாத்தனூர் கல்மரப் பூங்கா. 18 மீற்றர் நீளமான ஒரு மரம் கல்லாகி, வேலிக்குள் படுத்துக் கிடக்கிறது. நிலத்தில் வளர்ந்து, ஆற்றோடு கடலுக்குப் போய், கடற்சேற்றில் புதைந்த மரம். மரத்துக்கு இது நடக்குமென்றால் ஒரு டைனோசரின் உடலுக்கும் நடக்கும். கடல் படிவில் எப்படித் தரைவிலங்கு என்ற கேள்விக்கு இந்த மரத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தலாம். பக்கத்து ஊர்களில் கருடமங்கலத்துச் சிப்பிச் சுண்ணக்கல்லை வீட்டுப் படியிலும் மதிலிலும் பார்க்கலாம், வாகனத்தை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். திராவிடோசோரஸ் எலும்புகள் வந்ததும் இந்தத் திருச்சிக் குழுமம் எனப்படும் அடுக்கில்தான்.

இரண்டாம் நாள் அரியலூர். முதலில் வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகம். திறந்திருக்கும் நேரத்தை முதல்நாளே தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். முடிந்தால் இதை முதல் நாளே பார்க்கலாமே என்று தோன்றும், நான் அப்படிச் செய்ய மாட்டேன். முதலில் நிலத்தில் கண்டதைப் பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் பெயரோடு காணும்போதுதான் மனதில் பதிகிறது.

பிறகு கல்லங்குறிச்சிப் பக்கம், சீமெந்துக்குச் சுண்ணக்கல் வெட்டும் சுரங்கங்கள். கைப்பிடி அளவு சிப்பிகள் அடுக்கடுக்காய். ஆனால் சுரங்கம் தனியாருடையது அல்லது அரசு நிறுவனத்துடையது. வாயிலில் போய்க் கேட்டால் விடமாட்டார்கள், வெடி வைக்கும் இடம். ஒரு மாதம் முன்பே சுரங்க மேலாளருக்குப் பாடசாலைக் கடிதத் தலைப்பில் எழுதி, ஆட்களின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், திகதி எல்லாம் குறிப்பிட்டு அனுமதி கேளுங்கள். எனக்கு முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை, இரண்டாவதற்கு வந்தது. அனுமதி இல்லாவிட்டால் வெளியே வீதியோரம் தெரிகிற வெட்டுமுகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுங்கள்.

கடைசியாகக் கல்லமேடு. கண்ணுக்கு ஒன்றும் இல்லாத ஊர்: வயல், ஓடை, களியும் மணலும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களின் கடைசிக் காலத்து மண் இது. இது ஆறும் தரையும் சார்ந்த படிவு. 2013இல் இங்கிருந்து துரூடோன்றிட் என்ற சிறிய ஊனுண்ணி டைனோசரின் ஒற்றைப் பல் ஒன்றை விவரித்தார்கள். 1987இல் பெயரிடப்பட்ட புருகத்காயோசோரஸ் என்ற பேருடல் டைனோசரும் இங்கேதான். அதன் பின்னங்காலின் கீழ் எலும்பு மட்டும் இரண்டு மீற்றர். அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரம் ஏறிய களிக்குள் இருந்தவை வெளியே எடுத்ததும் நொறுங்கிப் போய்விட்டன, மிஞ்சியது வரைபடமும் சில புகைப்படங்களும் எழுத்தும். வேலை தெரிந்தவர்கள் எடுத்தே அந்தக் கதி.

"டைனோசர் முட்டை காட்டுகிறேன்" என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். களிமண்ணில் உருண்டை உருண்டையாகக் கற்கள் தானாகவே உருவாகும். 2020இல் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது கிடைத்த உருண்டைகளை முட்டை என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். ஆராய்ந்தவர்கள் அவை அமோனைற்றோடு சேர்ந்த கல் உருண்டைகள் என்றார்கள்.

8. எடுத்து வராதீர்கள்

ஒரு துண்டு பெலம்னைற்றைக்கூட. காரையில் அது நூற்றுக்கணக்கில் கிடக்கும், ஒன்று எடுத்தால் என்ன என்று கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. இரண்டு பக்கத்துச் சுங்கத்திலும் பையைத் திறந்து கேட்டால் சொல்லப் பதில் இல்லை, அது ஒரு காரணம். பெரிய காரணம், எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாத உயிர்ச்சுவடு வெறுங்கல். திராவிடோசோரஸ் பற்றிப் பல வருடமாக வாதாடும் ஆட்களுக்குக் கையில் இருக்கும் ஆதாரங்களில் ஒன்று அது கிடந்த இடம்.

படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வையுங்கள், அளவு தெரியும். ஒரே பொருளை மூன்று தூரத்திலிருந்து எடுங்கள்: கைக்குள், காலடித் தூரம், சரிவு முழுவதும் தெரிய. எங்கள் பாடசாலைச் சுவரில் இப்போது தொங்குவது அந்தப் படங்கள்தான். பிள்ளைகள் பெலம்னைற்றைப் பார்த்து முதலில் சொல்வதும் அதே சொல்தான்: ரவை.

9. செலவு

கடவுச்சீட்டை விட்டு, நான்கு நாள் பயணத்துக்கு இரண்டாம் தடவை எனக்கு ஆனது: விமானம் போக வர 52,000 இலங்கை ரூபாய். கார் இரண்டு நாளுக்கு 9,000 இந்திய ரூபாய், அதில் என் பாதி 4,500. விடுதி மூன்று இரவு 4,200 இந்திய ரூபாய், அதிலும் பாதி. சாப்பாட்டுக்கு 2,000 இந்திய ரூபாய் தாராளம். விசா, யாழ்ப்பாணம் போய்வந்தது எல்லாம் சேர்த்து 90,000 இலங்கை ரூபாய்க்குள் முடிந்தது. தனியாகப் போனால் இன்னும் 25,000 வையுங்கள். விமானச் சீட்டை ஆறு கிழமை முன்னால் எடுத்தேன், கடைசிக் கிழமையில் விலை ஏறிவிடும்.

10. ஊரில் ஏதாவது கண்டால்

திரும்பி வந்தபின் கண் பழகிவிடும், எல்லா மண் வெட்டிலும் எதையாவது தேடுவீர்கள். மன்னார்ப் பக்கத்துச் சுண்ணக்கல்லில் சிப்பி, சங்கு பதிவுகள் காணலாம், அது மயோசின் கடலுடையது. இரணைமடுப் பக்கத்துச் செம்மண்ணிலும் சரளையிலும் கற்கால ஆட்கள் செதுக்கிய கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன. கண்டால் தோண்ட வேண்டாம். இருந்த இடத்திலேயே படம், தொலைபேசி காட்டும் அமைவிட இலக்கம், மேலிருந்து எத்தனை அடி ஆழம் என்ற குறிப்பு, இவை போதும். கல்லாயுதம் மாதிரி இருந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கு, உயிர்ச்சுவடு என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறைக்கு எழுதலாம்.

கபில நிறத்தில் கூராய் ஒன்று கிடந்தால், அது காரை அல்ல, வன்னி. குனிய வேண்டாம். வந்த காலடியிலேயே பின்னால் போய், ஒரு தடி நட்டு அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.